ஏழு மஞ்சள் புள்ளிகள்

வெறும் வயிற்றில் வந்திருக்கிறேன் என்று நான் சொன்னதை அவர் ஒரு தடவைகூட நம்பியதில்லை.

செஞ்சி கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது அந்த ரத்தப் பரிசோதனை லேப். பதினேழு படி. சர்க்கரை பார்ப்பதற்காக மாதம் ஒரு முறை ஏறுவேன். மேலே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வெள்ளை மேலங்கியோடு உட்கார்ந்திருப்பார். பெயர் எழுதிய அட்டை அவர் கழுத்தில் எப்போதும் திருப்பித்தான் தொங்கும். எல்லோருக்கும் அவர் லேப் அம்மா.

“சாப்ட்டீங்களா?”

“இல்லம்மா. வெறும் வயிறு.”

“காபி?”

“தண்ணிதான் குடிச்சேன்.”

எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். “மீசையில நொர இருக்குது சார். செஞ்சில எந்தத் தெருவுல நொரயோட தண்ணி வருது? நாளைக்கு வாங்க.”

இரண்டு வருடத்தில் இருபத்து நான்கு முறை போனேன். ஒன்பது முறை திருப்பி அனுப்பினார். அதில் ஏழு முறை நான் காபி குடித்திருந்தது உண்மை. மீதி இரண்டும் அநியாயம். வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். “நாப்பத்தாறு வருசமா கூட இருக்கிறேன், உங்கள ஒழுங்கா புரிஞ்சுக்க எனக்குப் பத்து வருசம் புடிச்சிது. அந்தம்மா ரெண்டே மாசத்துல கண்டுபுடிச்சிட்டாங்களே!”

மனிதர்களை மட்டும் என்றில்லை, தன் இயந்திரத்தையும் அவர் நம்பமாட்டார். ஒருமுறை எனக்குத் தொண்ணூற்றாறு என்று வந்தது. வாழ்நாளில் நான் பார்க்காத நல்ல எண். எட்டிப் பார்த்துவிட்டு, தாளை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

“இது உங்க நம்பர் இல்ல.”

“மிஷின்ல வந்ததுதானேம்மா?”

“மிஷினுக்கு இன்னா தெரியும்? நல்ல சேதி வந்தா ரெண்டு தடவ பாக்கணும் சார்.”

“கெட்ட சேதி வந்தா?”

“அப்பவும் ரெண்டு தடவதான்.”

இயந்திரத்தை அணைத்து, துடைத்து, மறுபடி ஓட்டினார். நூற்று அறுபத்து மூன்று. அதுதான் என் எண் என்பதுபோல் தலையை ஆட்டி எழுதிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபம் பதினேழு படி இறங்கியும் தீரவில்லை.

இப்படி எல்லாரையும் சந்தேகப்படுகிற ஒருவர் தான் எதையோ மறைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அன்றே எனக்குப் பட்டது. முப்பத்து மூன்று வருடம் புள்ளியியல் துறையில் பயிர்க் கணக்கு எடுத்தவன் நான். விளைச்சலைக் குறைத்துச் சொல்லும் விவசாயியையும் கூட்டிச் சொல்லும் மேலதிகாரியையும் பார்த்துப் பார்த்து, யாராவது எதையாவது சொன்னால் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன்.

அவருடைய பின்பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தது.

அவலூர்பேட்டை சாலையில், ஊரைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறைக் குன்று இருக்கிறது. கோட்டை மலைகளைப்போல அதற்குப் பெயரோ சுவரோ கிடையாது. பார்க்க யாரும் வருவதில்லை. அதன் மேற்கு அடிவாரத்தில் எனக்கு ஒரு காணி நிலமும் ஒரு கிணறும் உண்டு. மல்லாட்டைச் செடிக்கு, நிலக்கடலைக்குத்தான் எங்கள் பக்கம் அந்தப் பெயர், களை எடுத்திருக்கிறார்களா என்று பார்க்கப் போயிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன், ஆனி மாதம். வரப்பில் நின்று நிமிர்ந்தால் குன்றின் மேல் ஏதோ வட்டமிடுகிறது. பருந்து என்று நினைத்தேன். பருந்துக்கு வால் உண்டு. இதற்கு இல்லை. ஆள் கை விரித்த அகலத்துக்கு முழுக்க ரெக்கை மட்டும். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. பெரிய வௌவாலைப்போல என் நிலத்துக்கு மேலே வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தது. சத்தமே இல்லை. என் கடிகாரத்தில் பதினான்கு நிமிடம் சத்தமே இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

அது இறங்கிய பிறகு மேலே ஏறினேன். பாறை முகட்டில், தலையில் தொப்பியும் கழுத்தில் தொங்கும் ஒரு ரேடியோ பெட்டியுமாக நின்றவர் லேப் அம்மா.

“இன்னா சார், வெறும் வயித்துல மலை ஏறிட்டீங்களா?” என்றார்.

“இது இன்னாம்மா?”

“கிளைடர்.”

“கேமரா எங்க இருக்குது?”

“கேமரா இல்ல சார்.”

“மோட்டார்?”

“அதுவும் இல்ல. மேக்கால இருந்து மேல்காத்து வந்து இந்தப் பாறையில முட்டுது பாருங்க, அது வேற வழியில்லாம மேல ஏறும். அந்த ஏத்தத்துல இது நிக்கும்.”

“நின்னு?”

“பறக்கும்.”

“பறந்து?”

“எறங்கும்.”

இந்தப் பதிலில் ஒரு மனிதன் எதை நம்புவது? கேமரா இல்லாமல், மோட்டார் இல்லாமல், ஒரு காரணமும் இல்லாமல், வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையில் வெயிலில் மலை ஏறுகிற ஒரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் அவர் அதைப் பறக்கவிடும் முறையைப் பார்த்தேன். அந்த ஆனியில் மட்டும் நான்கு ஞாயிறு, களை பார்க்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். லேபில் என்னைச் சந்தேகப்பட்ட அதே முகத்தோடு அந்தக் கிளைடரையும் சந்தேகப்பட்டார். முதலில் கையிலிருக்கும், கிளைடரை இயக்கும் ரேடியோவைப் போடுவார். அதன் பிறகுதான் கிளைடருக்குள் இருக்கும் பேட்டரியைச் செருகுவார். அணைக்கும்போது தலைகீழ் வரிசை. “ரேடியோ இல்லாத நேரத்துல அது முழிச்சிக்கினா யார் பேச்சையாவது கேக்கும் சார்” என்பார். ரெக்கையின் அடியில் பேனாவால் வைத்த இரண்டு புள்ளிகளில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கி, மூக்கு லேசாகத் தாழ்கிறதா என்று பார்ப்பார். தாழாவிட்டால் தூண்டில்காரர்கள் போடும் ஈயக் குண்டு ஒன்றை மூக்கில் ஒட்டுவார். நேற்றிரவு முழுக்க ஏற்றிய பேட்டரியை மறுபடி அளப்பார். அளக்கும் கருவியை இன்னொரு பேட்டரியில் வைத்து அளப்பார்.

பிறகு கிளைடரைப் பாறையில் வைத்துவிட்டு, ரேடியோவின் சக்தியைக் குறைத்துக்கொண்டு, முப்பது அடி எடுத்துவைத்து நடந்து போவார். அங்கிருந்து ரேடியோவில் இருக்கும் குச்சியை அசைத்தால் ரெக்கை ஓரத்து மடல்கள் அசைகின்றனவா என்று பார்ப்பார். அசைந்தால்தான் பறத்தல்.

காற்றை எதிர்த்து நேராக எறிவார், ஈட்டிபோல. மேலே பார்த்து எறிவதில்லை. திரும்பும்போதெல்லாம் மலைக்கு முதுகு காட்டித்தான் திருப்புவார். “மலையப் பாத்துத் திரும்புனா ரெண்டு செகண்டுதான். அப்புறம் பொறுக்கினு போவ கோணிப்பை வேணும்.” பறந்து முடித்ததும் போனில் ஓடிய நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒத்துப் பார்ப்பார். இரண்டும் ஒன்றானால்தான் நோட்டில் எழுதுவார். நோட்டில் அதிகபட்சம் நாற்பத்து நான்கு நிமிடம்.

“ஒரு மணி நேரம் நிக்கணும் சார்” என்றார் ஒருநாள், கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல். “பெங்களூர்ல வேலை பாத்தப்போ மைதானத்துல கத்துக்கினேன். அங்க ஒரு ஆளு சொன்னான், பொம்பள கையில இது அஞ்சு நிமிசம் நிக்காதுன்னு. அஞ்சு நிமிசம் அன்னிக்கே ஆயிடுச்சி. ஆனா எனக்கு ஒரு மணி நேரம் வேணும். ஆடியில காத்து நல்லா கட்டும். அஞ்சு ஞாயிறு இருக்குது. ஆவணியில வீட்டுக்காரருக்கு ஓசூர்ல வேலை. அங்க எனக்கு எந்த மலை காத்து வச்சிருக்குது?”

இதைக் கேட்டு மனம் கொஞ்சம் இளகியது உண்மை. இளகிய மனத்தோடு இறங்கி வரும்போதுதான் பாறையில் அந்தப் புள்ளிகளைக் கண்டேன். மஞ்சள் பெயிண்ட். ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில். எண்ணினேன். ஏழு.

வேறு எவருக்காவது அது வெறும் பெயிண்ட். எங்கள் பக்கத்து நிலக்காரர்களுக்கு அப்படி இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு குன்று இருந்தது. அங்கேயும் முதலில் வந்தது பெயிண்ட்தான். யாரோ வந்து பாறையில் மஞ்சளாகக் குறி வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு குவாரிக்காரன் வந்தான். வெடி வைத்தான். இன்று அங்கே குன்று இல்லை, பள்ளம் இருக்கிறது. சுற்றியிருந்த ஆறு கிணறுகளில் நான்கில் விரிசல். என்னுடையது முப்பத்தெட்டு அடிக் கிணறு. கோடையிலும் எட்டு அடி நிற்கும்.

அன்று முழுக்க எண்ணிப் பார்த்தேன். மேலே பறக்கும் பொருள். கீழே குறி. சம்பந்தமில்லாமல் வரும் வெளியாள். ஆவணியில் ஊரைவிட்டுப் போகப் போவதாக முன்னாலேயே சொல்லி வைப்பது. எல்லாம் சரியாக வந்து உட்கார்ந்தது.

தாலுக்கா அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பெயர் போடவில்லை. இடது கையால் எழுதலாமா என்றுகூட யோசித்தேன், எழுத்து அசிங்கமாக வந்ததால் விட்டுவிட்டேன். குன்றை அளவெடுக்கிறார்கள், விசாரிக்கவும் என்று ஒன்பது வரி. திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிப் போய் அங்கே தபால் பெட்டியில் போட்டேன்.

ஆடி முதல் ஞாயிறு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் குன்றுக்கு வந்தார்கள். நான் என் கிணற்றடியில் நின்றேன். மேலே பேசியது கேட்கவில்லை. அரைமணி கழித்து ஒருவர் ரேடியோவைக் கையிலும் இன்னொருவர் கிளைடரைக் குடைபோல் கக்கத்திலும் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் அவர் வெறுங்கையோடு வந்தார். என்னைக் கடக்கும்போது நின்றார்.

“சோதனை பண்ணிட்டுத் தர்றாங்களாம் சார்.”

“எப்போம்மா?”

“அத எண்ணிச் சொல்லல.”

இரண்டாவது ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும் மல்லாட்டைக் கொடி படுத்துவிடும் அளவுக்குக் காற்று அடித்தது. குன்றின் மேல் பருந்துகள் மட்டும் வட்டமிட்டன. மூன்றாவது வாரம் பக்கத்து நிலத்துக்காரர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். கேமரா இல்லையாம். கல் உடைக்க அனுமதி கேட்டு யாரும் மனுவே போடவில்லையாம். அந்தப் பெயிண்ட், அந்தம்மா அடி எடுத்து வைத்துப் போவதற்கு வைத்துக்கொண்ட அடையாளமாம்.

கணக்குப் போட்டேன். ஏழு புள்ளிகளுக்கு நடுவே ஆறு இடைவெளி. இடைவெளிக்கு ஐந்து அடி. முப்பது. அவர் நடப்பதை நான்கு ஞாயிறு உட்கார்ந்து எண்ணியவன் நான். இரண்டு எண்ணும் என் கையிலேயே இருந்தன.

நான்காவது ஞாயிறும் போனது.

கடைசி ஞாயிறு காலை நிலத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். குன்றின் மேலிருந்து ஒரு குரல்: “சார்! மேல வாங்க. ஆள் வேணும்.”

ஏறினேன். கிளைடர் வந்திருந்தது. ரெக்கையில் ஒட்டிய டேப் வெயிலில் சுருங்கியிருந்தது. நடுப்பகுதி மூடியைச் சுற்றிப் புது டேப், அவர் ஒட்டும் நேர்த்தி அதில் இல்லை.

“இந்தக் காத்துல பாறையில வச்சா உருண்டுடும். புடிச்சிக்கினு நில்லுங்க. நான் முப்பது போறேன். மடல் எந்தப் பக்கம் போவுதுன்னு கத்துங்க.”

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை, ஆனால் காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. அவர் முதல் புள்ளியிலிருந்து ஏழாவது புள்ளிவரை நடந்து போய்த் திரும்பினார்.

“மேல!”

இரண்டு மடலும் மேலே எழுந்தன. “சரி!” என்று கத்தினேன்.

“கீழ!”

தாழ்ந்தன. “சரி!”

“வலது! வலது மடல் மேல வரணும்!”

வலது மடல் கீழே போனது.

“கீழ போவுது!”

“நல்லா பாருங்க!”

“கீழதாம்மா!”

குச்சியை விட்டுவிட்டு அவர் முப்பது அடியும் திரும்பி நடந்து வந்தார். குனிந்து தானே அசைத்துப் பார்த்தார். வலது என்றால் இடது. இடது என்றால் வலது. ரேடியோவை என் கழுத்தில் மாட்டிவிட்டு மூடியின் டேப்பைப் பிய்த்தார்.

“கேமரா தேடுனவங்க ரெண்டு ஒயரையும் மாத்திச் செருகிட்டாங்க. மேல கீழ சரியா காட்டும். சாயறதுதான் தலைகீழ். இத எறிஞ்சிருந்தா மலைக்கு முதுகு காட்டச் சொல்வேன், அது மலையப் பாத்துத் திரும்பியிருக்கும்.”

நான் சொன்னதை நம்பாமல் நடந்து வந்தீர்களே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒயர்களை மாற்றிச் செருகிக்கொண்டே அவர் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

“மனுவக் காட்டுனாங்க சார்.”

நான் கிளைடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பேரு இல்ல. ஆனா ஏழு புள்ளி, பதினாலு நிமிசம், நாலு ஞாயித்துக்கிழம, முப்பது அடி. மூக்குல மூணு ஈயக் குண்டு. மனுவுல ஈயக் குண்டு எண்ணிப் போடுற ஆளு செஞ்சி தாலுக்காவுல எத்தினி பேரு இருப்பாங்க?”

காற்று சத்தமாக அடித்தது. எனக்குக் காது கேட்காததுபோல் நடிக்கும் வயது உண்டு. நடிக்க முடியவில்லை.

“கிணறும்மா” என்றேன். “கிணத்துக்குப் பயந்துதான்.”

“ஒரு நம்பர்கூட தப்பில்ல சார். ரெண்டு தடவ படிச்சிப் பாத்தேன். எண்ணினது பூரா சரி. அதான் உங்களக் கூப்ட்டேன்.” டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டினார். “கூட்டினதுதான் தப்பு.”

மறுபடி முப்பது அடி போனார். மறுபடி கத்தினோம். எல்லாம் சரி. மறுபடி திரும்பி வந்து தானே பார்த்தார். பிறகு போனில் நேரத்தை ஓடவிட்டுப் பையில் போட்டார். கைக்கடிகாரம் அன்று அவர் கட்டியிருக்கவில்லை.

“எறியுங்க. மேல பாக்காதீங்க. தூரத்துல ஒரு ஆளு நிக்கிறான்னு வச்சிக்கோங்க, அவன் நெஞ்சுக்கு நேரா.”

எறிந்தேன். ஒரு கணம் தாழ்ந்தது. அப்புறம் ஏதோ படியேறுவதுபோல் மேலே போனது. மணி பத்து ஒன்பது.

அவர் கண் அதைவிட்டு அசையவில்லை. அசையவும் கூடாது. அதனால் நேரம் சொல்வது என் வேலை. பத்து என்றேன். இருபது என்றேன். நடுவில் ஒரு தடவை கிளைடர் எங்களை நோக்கி வரும்போது ஒரு பக்கம் சரிந்தது. நான் அலறினேன். “எதிர்ல வரும்போது வலது இடது யோசிச்சா குழம்பிடும் சார். எந்த ரெக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியத் தள்ளி முட்டுக் குடுத்துடணும்” என்று அமைதியாகச் சொல்லி முட்டுக் கொடுத்தார். முப்பது. நாற்பது. நாற்பத்து நான்கைத் தாண்டும்போதும் சொன்னேன். அவர் கட்டை விரல் வெளுத்திருந்தது.

ஐம்பதுக்கு மேல் காற்று மனம் மாறியது. கீழே என் மல்லாட்டைச் செடிகள் நிமிர ஆரம்பித்தன. பருந்துகள் வடக்கே போய்விட்டன. கிளைடர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆள் உயரம் இறங்கியது. அவர் முகட்டின் ஓரத்தோடு ஓரமாக அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நேரம் சார்?”

மணி பார்த்தேன், பதினொன்று ஆறு. பதற்றத்தில் என் கடிகாரத்தையே என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு தடவை பார்த்தேன். பதினொன்று ஆறுதான். ஐம்பத்தேழு நிமிடம்.

“எவ்ளோ ஆச்சி? இது இனிமே நிக்காது.”

ஒரு மணி ஆயிடுச்சும்மா என்று சொல்லியிருக்கலாம். நான்கு ஞாயிறைத் தின்றவன் மூன்று நிமிடம் கொடுத்தால் என்ன? நாக்கு நுனிவரை வந்தது. இருபத்து நான்கு முறை வெறும் வயிறு என்று சொன்ன நாக்குதான்.

“அம்பத்தேழு” என்றேன்.

அவர் மூச்சை விட்டார். கிளைடரை ஒரு வட்டம் சுற்ற வைத்து, முகட்டுக்குப் பின்னால் இருந்த புல்தரையில் உரசி இறக்கினார். பைக்குள் கையைவிட்டு, பார்க்காமலே போனின் பொத்தானை அழுத்தி நேரத்தை நிறுத்தினார். நடந்து போய் எடுத்தார். முதலில் அதன் பேட்டரியைப் பிடுங்கினார். பிறகு ரேடியோவை அணைத்தார். நோட்டை எடுத்தார். பையில் போன் இருந்தது. எடுத்துப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. ஐம்பத்தேழு என்று எழுதி நோட்டை மூடினார்.

“ஓசூர் பக்கமும் பாறை இருக்குதும்மா” என்றேன்.

“எண்ணிட்டீங்களா?” என்றார்.

ஆவணியில் போய்விட்டார். வீட்டுக்குப் போனதும் அந்தப் போனை எடுத்துப் பார்த்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. பார்த்திருந்தாலும் ஐம்பத்தேழுதான் இருந்திருக்கும். குன்றில் ஏழு புள்ளிகளும் இருக்கின்றன. நான்கு நன்றாகத் தெரிகிறது, மூன்று வெளிறிவிட்டது.

லேபில் இப்போது வேறு ஒருவர். மரியாதையான மனிதர். முதல் மாதம் வெறும் வயிறு என்றேன், குறித்துக்கொண்டார். அடுத்த மாதமும் சொன்னேன், குறித்துக்கொண்டார். இரண்டு தடவையும் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். மூன்றாவது மாதம் பஞ்சில் மருந்தை நனைத்து என் கையைத் துடைத்துக்கொண்டே, “சாப்பிடலையே சார்?” என்றார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மீசையை நானே துடைத்துப் பார்த்தேன்.

“காபி குடிச்சிட்டேங்க” என்று எழுந்தேன். “நாளைக்கு வரேன்.”

பதினேழு படி இறங்கினேன்.